பழைய ஜிடிஐ, நழுவும் கிளட்ச்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியதும் மாற்றும் விதமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கிளம்பிப் பைன்டவுனைத் தாண்டியதும் எம்-13 (M13) சாலை ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறத் தொடங்கும். வண்டி வாங்கி மூன்றாவது நாள் அந்த மேட்டில், ஐந்தாம் கியரில், ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தேன். டாக்கோமீட்டர் முள் 3000-லிருந்து 4500-க்குத் துள்ளியது. ஸ்பீடோமீட்டர் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை உள்ளே வந்தது. மனைவி ஜன்னலை ஏற்றிவிட்டு, "முன்னாடி போற லாரிதான்" என்றாள். முன்னால் லாரி எதுவும் இல்லை.

வண்டி ஐந்தாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, மேனுவல், ஜி.பி. நம்பர் பிளேட். அதாவது ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து வண்டி, தனியார் ஒருவரிடம் வாங்கியது. அவசரப்பட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் புது கிளட்ச் போட்டேன். ஏழு மாதத்தில் அதே மேடு, அதே வாடை. இரண்டாம் முறை கழற்றிய பிறகுதான் தெரிந்தது, எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகி, புது பிளேட்டையும் நனைத்திருந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் முப்பது வருடம் வண்டி பழுது பார்த்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, பழசு எதனால செத்துச்சுன்னு பாத்தியா, இல்ல அப்படியே புதைச்சிட்டியா?" என்றார். புதைத்துவிட்டேன்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அவருடைய அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வரிசை.

உள்ளே என்ன நடக்கிறது

கிளட்ச் என்பது ஒரு சாண்ட்விச். ஒரு பக்கம் எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட், நடுவில் கியர் பாக்ஸின் உள்தண்டில் உட்கார்ந்திருக்கும் கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் மூன்றையும் நெருக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி தளரும். அவ்வளவுதான்.

இந்தப் பிடி எவ்வளவு டார்க்கை (திருப்பு விசையை) தாங்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: உராய்வு எண், அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், இம்மூன்றின் பெருக்கல், அதை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் பிளேட்டுக்கு இரண்டு முகம். கணக்கு புரிவதற்காகச் சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். உராய்வு 0.3, விசை 6000 நியூட்டன், ஆரம் 0.1 மீட்டர் என்றால் 360 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஐந்தாம் தலைமுறை ஜிடிஐ எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது 280 நியூட்டன் மீட்டர், 147 கிலோவாட். ஆகவே மிச்சம் கையில் இருக்கிறது. யாராவது ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி) டார்க்கை 350-க்கு மேல் ஏற்றிவிட்டால் மிச்சம் போய்விடும். பிளேட்டில் எண்ணெய் பட்டு உராய்வு 0.15-க்கு இறங்கினால் 180-தான் தாங்கும், ரீமேப் இல்லாத எஞ்சினே அதை நழுவ வைக்கும்.

ஆகவே நழுவலுக்குக் காரணம் மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: உராய்வு குறைந்திருக்கும், விசை குறைந்திருக்கும், அல்லது எஞ்சின் தரும் டார்க் கூடியிருக்கும். எது என்று தெரியாமல் பாகம் வாங்கக் கூடாது.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி டர்பனை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு டார்க்கை இழக்கும். டர்போ எஞ்சின் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும் என்றாலும், ரீமேப் செய்த வண்டி கடலோரக் காற்றில் தன் இலக்கை இன்னும் சுலபமாக எட்டும். அதனால், மேலே ஜோஹன்னஸ்பர்க்கில் சோதனை ஓட்டத்தில் ஒழுங்காக இருந்த தேய்ந்த கிளட்ச், என்-3 (N3) நெடுஞ்சாலை வழியாகக் கீழே டர்பனுக்கு இறங்கி வந்த பிறகு நழுவத் தொடங்குவது உண்டு. விற்றவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். சொல்லியும் இருக்கலாம், அது வேறு.

நழுவுவது கிளட்ச்தானா?

சோதனை ஓட்டத்தைப் பூஸ்ட் (டர்போ ஊதும் காற்றழுத்தம்) முழுதாக வரும் இடத்தில் செய்ய வேண்டும். முதல் கியரில் விருட்டென்று கிளப்பிப் பார்ப்பது பிரயோசனமில்லை, அங்கே டயர்தான் முதலில் சறுக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காய்ந்த சாலையில், போக்குவரத்து இல்லாத ஒரு மேட்டில், நான்காம் அல்லது ஐந்தாம் கியரில் சுமார் 2000 சுழற்சியிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். வேக வரம்புக்குள்ளேயே இது போதும்.

ஒரு கியரில் எஞ்சின் சுழற்சிக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. 80 கி.மீ. வேகத்தில் முள் 2400 காட்டினால் 100-ல் 3000 காட்ட வேண்டும். 3400 காட்டினால் அந்த 400 கிளட்சில் வெப்பமாகப் போகிறது. கண்ணால் பார்ப்பதை விட, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் மலிவான ஒரு ரீடரைச் செருகி எஞ்சின் சுழற்சியையும் வேகத்தையும் பதிவு செய்வது நல்லது. இரண்டு கோடும் சேர்ந்தே ஏறினால் கிளட்ச் நல்லது. ஒன்று திடீரென்று பிரிந்து எகிறினால் சந்தேகமே இல்லை. வண்டி இழுக்கவில்லை, ஆனால் விகிதம் மாறவில்லை என்றால் அது பூஸ்ட் கசிவோ, எஞ்சின் மிஸ்ஸாவதோதான். கிளட்சைத் தொட வேண்டியதில்லை. முன்சக்கர வண்டியில் ஈரச் சாலையில் டயர் சறுக்குவதும் முள்ளை எகிற வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை விட்டுப் பார்க்கும் பழைய முறை எல்லாருக்கும் தெரியும். உடனே எஞ்சின் நின்றால் கிளட்ச் நல்லது என்பார்கள். ஒரு எச்சரிக்கையோடு: நிற்காமல் உறுமினால் கிளட்ச் நழுவுகிறது என்பது உறுதி, ஆனால் நின்றுவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. என் வண்டி இந்தச் சோதனையில் இரண்டு முறையும் அழகாக நின்றது. ஐடிலில் எஞ்சின் தரும் டார்க் எங்கே, பூஸ்டில் தருவது எங்கே.

உங்கள் வண்டி டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) என்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. அந்தத் தலைமுறை ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியவை. அங்கே முதல் கேள்வி, 60,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டிய எண்ணெயும் ஃபில்டரும் மாற்றப்பட்டதா என்பதுதான்.

காசு செலவில்லாத சோதனைகள்

முதலில் தரை விரிப்பு. சிரிக்க வேண்டாம். தடிமனான ரப்பர் விரிப்பு பெடலுக்கு அடியில் சுருண்டு, பெடலை முழுசாக மேலே வர விடாமல் தடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெடல் தானாக மேலே திரும்புகிறதா, நடுவில் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஹைட்ராலிக். பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் தங்கினால், யாரோ பெடலைப் பாதி மிதித்துக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பிப் போகும் சின்னத் துளை அடைபட்டால் இப்படி நடக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: வண்டி நழுவிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஓரம்கட்டி நிறுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிளட்ச் லைனின் காற்றெடுக்கும் (பிளீட்) திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். பெடலை யாரும் தொடாமலே எண்ணெய் பீச்சியடித்து, அதன் பின் நழுவல் நின்றுபோனால் கிளட்ச் பிளேட் நல்லதுதான், மாஸ்டர் சிலிண்டர்தான் குற்றவாளி. அபூர்வம்தான். ஆனால் கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவழிக்கத் தகுந்த அபூர்வம். முடித்ததும் லைனில் புகுந்த காற்றை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சிட்டி கோல்ஃப் போன்ற கேபிள் கிளட்ச் வண்டியில் இந்த வேலை இன்னும் எளிது. அங்கே பெடலின் மேல்முனையில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த அசைவு குறைந்துகொண்டே வரும். சுத்தமாக இல்லாமல் போனால் ரிலீஸ் பேரிங் (பெடலின் விசையை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் பேரிங்) எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும், கிளட்ச் நழுவும். மேனுவலில் சொன்ன அளவுக்குத் தளர்த்தினால் சில சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிறகு ரீமேப். பழைய வேக வண்டி வாங்கினால், அது கம்பெனி சாஃப்ட்வேரில்தான் இருக்கிறது என்று நம்பவே கூடாது. டர்பன் பக்கம் ஜிடிஐ வைத்திருந்து அதன் சாஃப்ட்வேரில் கை வைக்காத பையனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ரீமேப் செய்யும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றப்பட்டிருந்தால், பழைய கம்பெனி ஃபைலைத் தற்காலிகமாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். நழுவல் நின்றால், கிளட்ச் அதன் வயதுக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, எஞ்சின்தான் தன் அளவைத் தாண்டிப் போகிறது. அப்போது இரண்டு வழி: கம்பெனி நிலையிலேயே ஓட்டுவது, அல்லது கூடுதல் டார்க் தாங்கும் கிளட்ச் வாங்குவது. மூன்றாவது வழி இல்லை.

எண்ணெய்: நான் கோட்டைவிட்ட இடம்

கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் எண்ணெய் வர மூன்று வாசல் உண்டு. எஞ்சின் பக்கம், அதன் முக்கியச் சுழல்தண்டான க்ராங்க்‌ஷாஃப்டின் பின் சீல். கியர் பாக்ஸ் பக்கம் உள்தண்டின் சீல். மூன்றாவது, உள்தண்டைச் சுற்றியே உட்கார்ந்து, பெடலின் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். என் வண்டியில் ரிலீஸ் பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒரே பாகம், பெல் ஹவுசிங்குக்குள்ளே. அது கசிந்தால் பிரேக் ஆயில் நேராகப் பிளேட்டில்தான் விழும்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், கீழ்ப்பக்கம், அடித்தட்டைக் கழற்றிவிட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கந்தக வாடை தூக்கலாக வந்தால் கியர் ஆயில். தண்ணீர் போல மெலிதாக, கூடவே பிரேக் ஆயில் டப்பாவின் மட்டமும் இறங்கியிருந்தால் ஸ்லேவ் சிலிண்டர். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா என்பதால் இந்தக் கசிவை ஒத்திப்போடக் கூடாது. ஆனால் கீழே எதுவும் ஒழுகவில்லை என்பதாலேயே உள்ளே சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது. சுற்றும் ஃபிளைவீல் எண்ணெயைச் சுவரெங்கும் வாரி இறைத்துவிடும், கீழே சொட்டுவது கடைசியில்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இரண்டாம் முறை சீலையும் மாற்றினோம். மாட்டி மூடப் போகும் நேரத்தில் தெருவண்ணன் தடுத்தார்: "சீல் எதனால ஒழுகிச்சு?" வயசாயிடுச்சு என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பி.சி.வி. வால்வைக் கழற்றச் சொன்னார். க்ராங்க் கேஸுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுத்து இன்டேக்குக்கு அனுப்பும் அமைப்பு அது. டர்போ எஞ்சினில், பூஸ்ட் வரும்போது காற்று திரும்பி க்ராங்க் கேஸுக்குள் நுழையாமல் தடுக்க ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்கும். என் வண்டியில் அது தேய்ந்து, மூடாமல் கிடந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் போதெல்லாம் டர்போ எஞ்சினின் வயிற்றுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. காற்று எங்கே போகும்? பலவீனமான சீல் வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த வால்வை மாற்றாமல் இருந்திருந்தால் புது சீலும் ஒழுகியிருக்கும், மூன்றாவது கிளட்சும் வாங்கியிருப்பேன்.

இதை நீங்கள் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஐடிலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான உறிஞ்சல் இருக்க வேண்டும். மூடி எகிறித் துள்ளினாலும், மாறாகத் திறக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சி விசில் அடித்தாலும் பி.சி.வி.யில் கோளாறு. ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு திசையில் மட்டுமே காற்றுப் போக வேண்டும்.

வீடு சேரும் வரை

நழுவும் கிளட்சோடு ஓட்ட வேண்டி வந்தால் பூஸ்டுக்குள் போகாமல், சின்ன கியரில், பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். மேட்டில் ரோபோவுக்கு (சிக்னலுக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர்) நிற்கும்போது கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக் போடுங்கள். டிரெய்லர் வேண்டாம். நழுவல் ஒவ்வொன்றும் ஃபிளைவீலைச் சுடுகிறது. இன்று பிளேட் மட்டும் மாற்றினால் போதும் என்றிருப்பது, இன்னும் ஒரு மாதத்தில் ஃபிளைவீலும் சேர்த்து என்று ஆகிவிடும்.

விற்றவரிடம் கேட்கலாமா?

டீலரிடம் வாங்கியிருந்தால் கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56-ஆம் பிரிவுகள் விற்ற பொருளுக்கு ஆறு மாத உத்தரவாதத்தைத் தாமாகவே தருகின்றன, பழைய வண்டிக்கும் சேர்த்து. ஆனால் குறைபாடும் சாதாரணத் தேய்மானமும் ஒன்றல்ல. 1,60,000 கி.மீ. ஓடிய வண்டியில் தேய்ந்த பிளேட்டைக் காட்டினால் தேய்மானம் என்பார்கள். ஓபிடி பதிவு, எண்ணெய்க் கசிவின் படங்கள், ஓடோமீட்டர் அளவு, தேதி எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். வேறெங்கும் பிரிக்கும் முன்பே கேளுங்கள். சரிவரவில்லை என்றால் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மனிடம் (வாகனத் துறைக் குறைதீர்ப்பாளரிடம்) புகார் செய்யலாம்.

தனியாரிடம் வாங்கியது அந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற பழைய டச்சுச் சொல்தான் ஆட்சி செய்கிறது: இருக்கிற நிலையில் விற்றேன், வாங்கினாய். குறையைத் தெரிந்தே வேண்டுமென்று மறைத்தவர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஆனால் தெரிந்தே மறைத்தார் என்பதை நிரூபிப்பது நம் பாடு. நான் முயற்சி செய்யவில்லை. ரோட்வொர்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற) சான்றிதழ் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அது கிளட்சுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று சொல்லும் காகிதம் அல்ல.

என்ன வாங்குவது

வேலையின் பெரும் செலவு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (அல்லது அதோடு சேர்ந்த ஸ்லேவ் சிலிண்டர்), ஃபிளைவீல் போல்ட்கள், பின் சீல் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்பது மிச்சமே அல்ல.

கம்பெனி நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு லூக், சாக்ஸ் போன்றவர்களின் சாதாரண கிட் தாராளமாகப் போதும். ரீமேப் செய்த எஞ்சினுக்கு, பிரஷர் பிளேட்டின் விசை கொஞ்சம் கூடியதும், பிளேட் வழக்கமான ஆர்கானிக் முகத்தோடு நடுவில் ஸ்பிரிங் உள்ளதுமான கிட்டைத்தான் நான் சொல்வேன். கடைக்காரர் ஆறு துண்டு செராமிக் பிளேட்டைக் காட்டி 600 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பார். தாங்கும். ஆனால் அது ஒரு சுவிட்ச் மாதிரி, பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. சாட்ஸ்வொர்த் மேடுகளில் மாலை நெரிசலில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெடல் கனமும் கணக்கில் வர வேண்டும். கனமான பிரஷர் பிளேட், ஒவ்வொரு மிதிக்கும் க்ராங்க்‌ஷாஃப்டை முன்பக்கமாகத் தள்ளி, அதன் த்ரஸ்ட் பேரிங்கைத் தேய்க்கும். உங்களுக்குத் தேவையான டார்க்கை விட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தாங்கினால் போதும்.

ஃபிளைவீல் விஷயத்தில் பெரிய வாக்குவாதமே உண்டு. ஜிடிஐயில் இருப்பது இரட்டை நிறை ஃபிளைவீல்: இரண்டு துண்டு, நடுவில் ஸ்பிரிங், எஞ்சினின் அதிர்வை விழுங்க. அது கெட்டால் விலை கனமாக இருக்கும், அதனால் ஒற்றைத் துண்டு ஃபிளைவீலுக்கு மாறுகிறார்கள். மலிவு, லேசு, பலம். ஆனால் ஐடிலில் கியர் பாக்ஸுக்குள் சோளம் பொரிவது போலச் சத்தம் வரும். பந்தய வண்டி என்றால் பரவாயில்லை. குடும்பத்தோடு போகும் வண்டியில் நான் போட மாட்டேன்.

கழற்றுவது

கியர் பாக்ஸை இறக்கிப் பழக்கமில்லாதவர்கள், தனி ஆளாக இருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே நல்லது. இந்தப் பகுதியை, அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் படித்தாலும் போதும். நாங்கள் இருவர், ஒரு கியர் பாக்ஸ் ஜாக், ஒன்றரை நாள்.

பேட்டரியையும் அதன் தட்டையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கியர் கேபிள்கள், ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் லைன், வயர் இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எங்கே எது என்று போனில் படம் எடுங்கள். இரண்டு டிரைவ்‌ஷாஃப்ட்களையும் கியர் பாக்ஸிலிருந்து பிரித்துக் கம்பியால் மேலே கட்டுங்கள், தொங்க விட்டால் அதன் ரப்பர் உறை (பூட்) கிழியும். அந்தப் பல்முனை போல்ட்களின் தலைக்குள் அழுக்கு இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள். அழுக்கோடு திருகினால் தலை வழுக்கும், பிறகு அந்த ஒரு போல்ட்டுக்கே அரை நாள்.

எஞ்சினை மேலிருந்து குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்ட பிறகுதான் கியர் பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டைக் கழற்ற வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி, ஜாக்கில் கியர் பாக்ஸைத் தாங்கி, சுற்றியுள்ள போல்ட்களை எடுத்து, நேராகப் பின்னால் இழுங்கள். கியர் பாக்ஸ் பாதி வந்த நிலையில் அதன் எடை உள்தண்டில் தொங்கக் கூடாது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். தென்னாப்பிரிக்கா 2008-ல் அஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டாலும், அதற்கு முந்தைய பழைய வண்டிகளின் பிளேட்டில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

(பழைய ஓப்பல் காடெட் வைத்திருப்பவர்கள் இங்கே சிரிக்கலாம். அவற்றில் கியர் பாக்ஸின் உள்தண்டை ஓரத்திலிருந்து உருவிவிட்டு, கியர் பாக்ஸை இறக்காமலே பிளேட்டை மாற்ற முடியும்.)

பிரேதப் பரிசோதனை

பழைய பிளேட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு முகமும் சீராக, ரிவெட் வரை தேய்ந்திருந்தால் இயற்கை மரணம். தடிமன் நிறைய மீதி இருந்தும் முகம் கண்ணாடி போலப் பளபளத்து, ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது: ரீமேப், அல்லது பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய். ஈரம் எஞ்சின் பக்கத்திலா கியர் பாக்ஸ் பக்கத்திலா என்று பார்த்தாலே எந்த சீல் என்று தெரிந்துவிடும். ஒரு முகம் மட்டும் தேய்ந்திருந்தால் பிளேட் உள்தண்டின் பற்களில் தாராளமாக நகரவில்லை. டயஃப்ரம் விரல்களின் நுனி ஒரே மட்டத்தில் இல்லை என்றால் பிரஷர் பிளேட் கோணிவிட்டது.

ஃபிளைவீலின் முகத்தில் விரிசல், இரண்டு துண்டுக்கும் நடுவே கிரீஸ் கசிவு, கையால் ஆட்டினால் அளவுக்கு மீறிய ஆட்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். ஆட்டத்தின் அளவு வண்டிக்கு வண்டி வேறு, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். கண்மதிப்பு போதாது.

மாட்டுவது

சீலில் தொடங்குங்கள். சில எஞ்சின்களில் பின் சீலோடு க்ராங்க் சென்சாரின் வளையமும் ஒன்றாக வரும், அதைச் சரியான கோணத்தில் உட்கார வைக்கத் தனிக் கருவி வேண்டும். தவறாக உட்கார்ந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டி வரும். கருவி இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்காவது வெளியே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபிளைவீலுக்குப் புது போல்ட்தான். என் வண்டிக்கு 60 நியூட்டன் மீட்டர், அதன்மேல் இன்னும் 90 டிகிரி திருப்பு. இவை ஒரு முறை நீண்டால் முடிந்தது, பழையதைத் திரும்பப் போடக் கூடாது. புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு நழுவுகிறது என்று அழுதவர்கள் உண்டு. ஃபிளைவீல் முகத்தையும் அதே போலத் துடையுங்கள். அதன் பிறகு எண்ணெய்க் கையால் எதையும் தொடாதீர்கள்.

உள்தண்டின் பற்களில் கிட்டோடு வந்த கிரீஸை மெல்லியதாகத் தடவி, பிளேட்டை ஒரு முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். அதிகம் தடவினால் அதுவே நான்காவது எண்ணெய் வாசல். பிளேட்டில் 'கெட்ரீபஸைட்டே' என்று ஜெர்மன் எழுத்து இருந்தால், அந்தப் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். நடுவாக்கும் கருவியால் பிளேட்டை மையத்தில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக, ஒவ்வொன்றும் ஒரு சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கிக்கொண்டு போனால் டயஃப்ரம் கோணும். தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட் என்றால் அதற்குரிய அழுத்தும் கருவியும் தேவை.

கியர் பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது எஞ்சின் முகத்தில் இரண்டு நடுவாக்கும் புஷ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கையால் தள்ளியே இரண்டு முகமும் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் எங்கோ தவறு. போல்ட்டை இறுக்கி இழுத்துவரலாம் என்ற ஆசை வரும், அப்படி இழுத்துத்தான் புது பிளேட்டின் நடுவை வளைக்கிறார்கள். எல்லாம் மாட்டி முடியும் வரை பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, ஸ்லேவ் சிலிண்டர் வெளியே பாய்ந்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வண்டிக் கதவைப் பூட்டியே வையுங்கள்.

காற்றெடுப்பதற்கு டாட் 4 எண்ணெயும் அழுத்த பிளீடரும் இருந்தால் பதினைந்து நிமிடம். பெடலை மிதித்து மிதித்து எடுப்பதும் முடியும், பொறுமை வேண்டும். இந்த எண்ணெய் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பழக்குவது

புது ஆர்கானிக் பிளேட் ஃபிளைவீலோடு படிய ஏறத்தாழ 800 கி.மீ. ஆகும். கிட்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிலோமீட்டர்கள் ஊருக்குள் ஓடியவையாக இருக்க வேண்டும், நின்று கிளம்பி நின்று கிளம்பி. ஜோஹன்னஸ்பர்க் ஒரு முறை போய் வந்தால் ஆயிரத்துக்கு மேல் ஓடியிருக்கும், ஆனால் கிளட்சை எத்தனை முறை மிதித்திருப்பீர்கள்? அதுவரை பூஸ்ட் முழுதாகப் போக வேண்டாம். ரீமேப் ஃபைலை அதற்குப் பிறகு ஏற்றினால் போதும்.

முதல் வாரம் தினமும் காலையில் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அடித்தட்டைக் கழற்றி, பெல் ஹவுசிங்கின் அடியை வெள்ளைத் துணியால் துடையுங்கள். நான் அதைக் கொண்டுபோய் தெருவண்ணனிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப போய் மேட்ல மிதி."